பாடசாலை இடம் மறுத்தால் எங்கே போவது? திருகோணமலைப் பெற்றோருக்கு ஐந்து வழிகளின் ஒப்பீடு

பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இனி வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போவதா, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போவதா, நேரே வழக்குத்தானா? தரம் 1 பட்டியல்கள் வெளியாகும் காலத்தில் திருகோணமலையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஆனால் விஷயம் தரம் 1 உடன் முடிவதில்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு "எங்களிடம் வசதி இல்லை, வேறு பாடசாலை பாருங்கள்" என்ற பதில் கிடைக்கிறது. வெருகலில் இருந்தோ ஈச்சிலம்பற்றில் இருந்தோ உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தேடி வரும் மாணவிக்கு "வெளிப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை" என்கிறார்கள். இன்னோரிடத்தில் கட்டட நிதி என்று மெதுவாகப் பேச்சு வருகிறது. வேறோரிடத்தில் உடை பிரச்சினையாகிறது.

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்குமானது. அரசுப் பாடசாலையில் ஒரு கதிரை கேட்பது யாரிடமும் தயவு கேட்பது அல்ல. அதைக் கேட்டு வாங்க நாட்டில் ஐந்து வழிகளாவது இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வலு வேறு, செலவு வேறு, காலக்கெடு வேறு. பிழையான வழியில் முதலில் போனால் சரியான வழி மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் இந்த ஒப்பீடு.

## சட்டம் எங்கே நிற்கிறது

கல்வி கற்கும் உரிமை என்று தனியாக ஓர் அடிப்படை உரிமை 1978 அரசியலமைப்பில் இல்லை. எல்லோருக்கும் எல்லா மட்டத்திலும் சமமான கல்வி வாய்ப்பு என்று உறுப்புரை 27(2)(எச்) சொல்கிறது. ஆனால் அது அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடு. அதை மட்டும் வைத்து வழக்காட முடியாது என்று உறுப்புரை 29 சொல்லிவிடுகிறது.

நம் கையில் உள்ள ஆயுதம் உறுப்புரை 12. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது 12(1). இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு கூடாது என்பது 12(2). ஆகவே "என் பிள்ளைக்குக் கல்வி உரிமை இருக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். "இதே நிலையில் உள்ள மற்றப் பிள்ளைகளை ஒரு மாதிரியும் என் பிள்ளையை வேறு மாதிரியும் நடத்தினார்கள்" அல்லது "தங்கள் சுற்றுநிருபத்தையே தாங்கள் பின்பற்றவில்லை" என்று எழுதுங்கள். முறையீட்டுக் கடிதமாக இருந்தாலும் சரி, மனுவாக இருந்தாலும் சரி, இந்த வடிவத்தில்தான் அதற்கு வலு வரும்.

இவையெல்லாம் அரசின் செயலுக்கு எதிரானவை. தனியார் பாடசாலைகள், கம்பனியாகப் பதிவான சர்வதேசப் பாடசாலைகள் மீது அடிப்படை உரிமை மனு பொதுவாக எடுபடாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் நாட்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக உறுப்புரை 126(2) தரும் காலம் ஒரு மாதம். 1988இல் காமேத்திகே எதிர் சிறிவர்தன வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: உரிமை மீறப்பட்டதில் இருந்து காலம் ஓடத் தொடங்குகிறது, வேறு நிவாரணங்களைத் தேடி அலைவதால் அது நிற்பதில்லை. வலயத்தின் பதிலுக்காக இரண்டு மாதம் பொறுமையாகக் காத்திருக்கும் தாய், தனக்குத் தெரியாமலேயே உயர் நீதிமன்றத்தை இழந்துவிடுகிறாள். சட்டம் தெரியாத காரணத்தால் பிள்ளைகள் இழக்கும் இடங்களில் இதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. குற்றம் செய்தவர் அல்ல, மரியாதையாகக் காத்திருந்தவர்தான் இங்கே தோற்கிறார்.

இரண்டாவது, பாடசாலை யாருடையது என்பது. தேசிய பாடசாலை கொழும்பில் உள்ள கல்வி அமைச்சின் கீழ் வருகிறது. மாகாணப் பாடசாலை கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ். திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. உங்கள் பாடசாலை எந்த வலயம், எந்த வகை என்று தெரியாமல் எழுதும் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும். சில முடிவுகள் இந்த இரண்டு நிர்வாகத்துக்கும் வெளியே இருக்கும். 2024இல் திருகோணமலை ஸாஹிரா கல்லூரியில் உயர்தரப் பரீட்சை எழுதிய 70 முஸ்லிம் மாணவிகளின் பெறுபேறுகள், காதை மறைக்கும்படி உடுத்தியிருந்தார்கள் என்ற காரணத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. அங்கே முடிவெடுத்தது பாடசாலையோ மாகாணமோ அல்ல, பரீட்சைத் திணைக்களம். அந்த மாதிரி விஷயத்தில் வலயப் பணிப்பாளரிடம் போய் நிற்பதால் பயன் இல்லை.

அப்புறம் மற்றவை: தரப்படும் தீர்வு கட்டாயப்படுத்துமா, கையில் இருந்து எவ்வளவு போகும், கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன, பிள்ளை அதே பாடசாலையில் தொடர்ந்து படிக்கும்போது அவள் மீது என்ன விழும், ஒரு பிள்ளைக்கான இடமா அல்லது விதியையே மாற்ற வேண்டுமா.

## ஒரே பார்வையில்

| வழி | காலக்கெடு | எங்கே | முடிவின் வலு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| நிர்வாக முறையீடு | சுற்றுநிருபத்தில் சொன்ன திகதி | பாடசாலை, வலயம், மாகாணம் அல்லது அமைச்சு | அதிகாரி விரும்பினால் உடனே | ஒரு மாதக் கெடு கரைந்துபோவது |
| தகவல் அறியும் உரிமை | எப்போதும் | முடிவெடுத்த அலுவலகம் | இடம் தராது, சான்று தரும் | பதில் வருவதற்குள் கெடு முடியலாம் |
| மனித உரிமைகள் ஆணைக்குழு | ஒரு மாதத்துக்குள் போவது நல்லது | திருகோணமலைப் பிராந்திய அலுவலகம் | பரிந்துரை மட்டும் | நிறைவேற்றாவிட்டால் மீண்டும் அலைச்சல் |
| அடிப்படை உரிமை மனு | ஒரு மாதம் | உயர் நீதிமன்றம், கொழும்பு | முழுமையாகக் கட்டாயப்படுத்தும் | பயணம், மொழிபெயர்ப்பு, தவணைகள் |
| மேல் நீதிமன்றம் | நிலையான கெடு இல்லை, தாமதம் பாதிக்கும் | மாகாண மேல் நீதிமன்றம், திருகோணமலை | கட்டாயப்படுத்தும் | அதிகார எல்லை பற்றிய ஆட்சேபனை |

## வலயமும் அமைச்சும்: நிர்வாக முறையீடு

செலவு குறைந்த வழி. வேலை செய்தால் மிக வேகமான வழியும் இதுதான். கணக்குப் பிழை, கோப்பில் இருந்து விழுந்துவிட்ட ஒரு பத்திரம், புள்ளி தவறாகக் கூட்டப்பட்டது போன்றவற்றுக்கு நீதிமன்றம் தேவையே இல்லை.

தரம் 1 அனுமதிக்குக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் சுற்றுநிருபமும் அறிவுறுத்தலும் வெளியிடுகிறது. இடங்கள் வகைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வகைக்குள்ளும் 100 புள்ளிக்கு மதிப்பிடப்படும். பல ஆண்டுகளாகப் பாதி இடம் பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கு. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கும் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்களுக்கும் அதற்கடுத்த பெரிய பங்குகள். நேர்முகப் பரீட்சைச் சபை ஒரு தற்காலிகப் பட்டியல் போடும். அதன் மீது முறையீடும் ஆட்சேபனையும் கேட்கத் தனிச் சபை உண்டு. பிறகுதான் இறுதிப் பட்டியல். இந்த முறையீட்டைத் தவறவிடாதீர்கள். பின்னால் நீதிமன்றம் போனாலும் "ஏன் அங்கே கேட்கவில்லை?" என்ற கேள்வி வரும்.

நம் மாவட்டத்தில் அருகில் வசிக்கும் வகையில்தான் அதிகப் பேர் விழுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பாடசாலை இருக்கும், காணி உறுதி இருக்காது. 2004 சுனாமியிலும் போரிலும் பத்திரங்களை இழந்தவர்கள், பெர்மிட் காணியில் இருப்பவர்கள், உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2006இல் இடம்பெயர்ந்து 2015க்குப் பிறகு திரும்பிய சம்பூர்ப் பகுதிக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். உறுதிக்கும் வாக்காளர் இடாப்புக்கும் புள்ளி கொடுக்கும் முறை, சொல்லில் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும் இவர்களுக்கு ஒன்றாக வேலை செய்வதில்லை. உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முடியும். அதை விண்ணப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர் கடிதங்கள் உதவும், ஆனால் உறுதியின் இடத்தை அவை முழுமையாக நிரப்பாது.

மறைந்த செலவு வாய்ப்பேச்சில் இருக்கிறது. "அடுத்த கிழமை வாங்கோ, பார்ப்போம்" என்று அன்பாகச் சொல்லும் அதிகாரி உண்மையிலேயே நல்லவராக இருக்கலாம். அந்த அடுத்த கிழமைகள்தான் உங்கள் ஒரு மாதம். மறுப்பை எழுத்தில் தர மறுத்தால் அன்றைக்கே நீங்கள் எழுதுங்கள்: "இன்று காலை தங்கள் அலுவலகத்தில் இன்ன காரணம் சொல்லி என் மகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இது சரியல்லவென்றால் எழுத்தில் அறியத் தரவும்." பதிவுத் தபாலில் அதிபருக்கு ஒன்று, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு பிரதி. தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொன்ன மறுப்புக்கு அதுவே திகதியோடு கூடிய சான்றாகிவிடும்.

அனுமதிக்குப் பணம் கேட்கப்பட்டிருந்தால் அது வேறு பாதை. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம். கொடுத்துவிட்டு முறையிடுவதைவிடக் கொடுக்கும் முன் அழைப்பதே மேல்.

## தகவல் அறியும் உரிமை: சான்றைத் தேடும் கருவி

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பிள்ளைக்கு இடம் வாங்கித் தராது. அது தருவது சான்று: உங்கள் பிள்ளைக்கு எந்தத் தலைப்பின் கீழ் எத்தனை புள்ளி போட்டார்கள், கடைசியாகச் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கு எத்தனை, எத்தனை இடங்கள் எந்த வகையில் நிரப்பப்பட்டன. மற்றப் பிள்ளைகளின் பெயரையோ முகவரியையோ கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுக்க அது காரணம் கொடுத்துவிடும். புள்ளியும் எண்ணிக்கையும் போதும்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதாக முடிவெடுத்தால் தகவல் கைக்கு வர இன்னும் 14 நாள், சில காரணங்களுக்காக மேலும் 21 நாள் வரை நீடிக்கலாம். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதற்குப் பிறகு இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கூட்டிப் பாருங்கள், முதல் படியிலேயே ஒரு மாதம் தாண்டிவிடும். ஆகவே இதை மறுப்பு வந்த முதல் நாளிலேயே, மற்ற வேலைகளோடு சேர்த்துப் போட்டுவிட வேண்டும். பதில் வந்த பிறகு என்ன செய்யலாம் என்று யோசிப்போம் என்று இருப்பது ஆபத்து. தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம்.

## மனித உரிமைகள் ஆணைக்குழு: கட்டணம் இல்லை, கையெட்டும் தூரம்

1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாடு இலவசம். சட்டத்தரணி தேவை இல்லை. தமிழில் எழுதலாம். 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கவும் இணக்கம் செய்யவும் பரிந்துரைக்கவும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. அதிபரோடு சண்டை வேண்டாம், பிள்ளை அங்கேயே படிக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கு இந்த இணக்க மேசை மிகவும் பொருந்தும்.

இந்த வழியின் உண்மையான பலம் அதன் சட்டத்தின் 13(1) பிரிவில் இருக்கிறது. உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது. நாட்களை நிறுத்திவைக்கும் வசதி மற்ற எந்த முறையீட்டுக்கும் கிடையாது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததற்கு நீதிமன்றம் சான்று கேட்கும். முறைப்பாட்டு இலக்கம், ஆணைக்குழு அனுப்பிய கடிதங்கள், அழைக்கப்பட்ட திகதிகள் எல்லாவற்றையும் கையில் வைத்திருங்கள்.

குறை என்னவென்றால் முடிவு பரிந்துரைதான். நிறைவேற்றாவிட்டால் ஆணைக்குழு சனாதிபதிக்கு அறிக்கை அனுப்பலாம், அது பாராளுமன்றத்தில் வைக்கப்படும். தரம் 1க்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு அதனால் என்ன? இங்கேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2018இல் நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றிய முறைப்பாட்டை ஆணைக்குழு விசாரித்து, ஆசிரியைகளுக்குச் சார்பாகப் பரிந்துரைத்தது. ஆனாலும் 2022 பெப்ரவரியில் அதே விவகாரம் பாடசாலைக்குள் மீண்டும் வெடித்து நீதிமன்றம் வரை போனது. அது மாணவர் அனுமதி பற்றியது அல்ல, இரு பக்கத்திலும் நம் மக்களே காயப்பட்ட ஒரு விஷயம். பரிந்துரை எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதற்காகவே சொல்கிறேன்.

## உயர் நீதிமன்றம்: அடிப்படை உரிமை மனு

வலு மிகுந்த வழி. நீதியும் நியாயமும் என்று தான் கருதும் எந்த நிவாரணத்தையும் தர உறுப்புரை 126(4) உயர் நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. பிள்ளையைச் சேர்க்கச் சொல்லலாம், முடிவை இரத்துச் செய்யலாம், இடைக்காலக் கட்டளை தரலாம், விதியையே தள்ளிவிடலாம்.

அப்படித் தள்ளியும் இருக்கிறது. 2007இல் தரம் 1 அனுமதித் திட்டமே சமத்துவ உரிமையை மீறுகிறது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர்கள் சாதாரணப் பெற்றோர். 2016இல் குளியாப்பிட்டிப் பகுதியில் ஒரு சிறுவனுக்கு எச்.ஐ.வி. இருப்பதாகப் பரவிய வதந்தியால் அவனைப் பாடசாலைகள் ஏற்க மறுத்தன. சேர்த்தபோது மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். விஷயம் அடிப்படை உரிமை மனுவாகப் போனது. அதே ஆண்டு ஏப்ரலில் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்டவர்களின் கல்வி உரிமையை அரசு பாதுகாக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. சிறுவனுக்குக் கண்டியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஊரே ஒதுக்கிய ஒரு பிள்ளைக்கு நீதிமன்றம் பக்கத்தில் நின்ற அந்த நாளை நான் இன்னும் பெரிய நாளாகவே நினைக்கிறேன்.

ஆனால் எல்லா மனுவும் அந்த வேகத்தில் போகாது. இரண்டு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று உறுப்புரை 126(5) சொல்கிறது. நடைமுறையில் பல மனுக்கள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. முதலில் மனுவை விசாரிக்க அனுமதியே பெற வேண்டும். தரம் 1க்காகப் போட்ட மனு முடியும்போது பிள்ளை தரம் 4இல் இருந்தால் வென்றும் என்ன பயன்? அதனால் இடைக்காலக் கட்டளை கேட்பது இங்கே மேலதிக விஷயம் அல்ல, அதுவே மையம். உங்கள் சட்டத்தரணியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

செலவைப் பேசும்போது சட்டத்தரணியின் கட்டணத்தை மட்டும் எல்லோரும் எண்ணுகிறார்கள். கொழும்பு நம்மிடம் இருந்து சுமார் 260 கிலோமீற்றர். ஒவ்வொரு தவணைக்கும் இரவுப் பயணம், ஒரு நாள் கூலி இழப்பு, வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள். உயர் நீதிமன்றத்தில் வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால் தமிழிலுள்ள கடிதங்கள், சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு வேண்டும். சத்தியக்கடதாசி தயாராக வேண்டும். ஒரு மாதத்துக்குள் இவ்வளவும் முடிய வேண்டும் என்றால் இருபதாம் நாள் சட்டத்தரணியைத் தேடத் தொடங்குவது தாமதம்தான்.

கையில் பணம் இல்லாவிட்டாலும் இந்த வழி மூடிவிடவில்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் அலுவலகம் உண்டு. வருமானத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். ஆகவே வருமானச் சான்றிதழை முதலிலேயே பிரதேச செயலகத்தில் எடுத்துக்கொண்டு போங்கள்.

## மாகாண மேல் நீதிமன்றம்: ஊரிலேயே உள்ள நீதிமன்றம்

இதைப் பலர் நினைப்பதே இல்லை. அதனால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

13ஆவது திருத்தத்தோடு வந்த உறுப்புரை 154P(4), மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயங்களில் எழுத்தாணை வழங்கும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. ரிட் என்று நாம் சொல்வது இதைத்தான். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாகாணப் பாடசாலை ஒன்றின் சட்டத்துக்குப் புறம்பான முடிவை இரத்துச் செய்யவும், செய்ய வேண்டிய கடமையைச் செய்யச் சொல்லவும் திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் கேட்க முடியும். வடக்கு கிழக்கில் தமிழ் நீதிமன்ற மொழி என்பதால் மொழிபெயர்ப்புச் செலவும் குறையும். சட்டத்தரணி பக்கத்தில், தவணைக்குப் பஸ்ஸில் போய் வரலாம். ஒரு மாதக் கெடு இல்லை. ஆனால் தாமதித்தால் அதுவே மனுவைத் தள்ளக் காரணமாகும்.

சிக்கல் அதிகார எல்லையில் வரும். தேசிய பாடசாலை என்றால் அது மத்திய அரசுடையது. அப்போது எழுத்தாணை கேட்கப் போக வேண்டிய இடம் கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம். மாகாணப் பாடசாலையிலும், மத்திய அமைச்சின் சுற்றுநிருபத்தையே எதிர்ப்பதாக இருந்தால் "இது மாகாண விடயம் அல்ல" என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். மனு எழுதும் முன்பே இதைச் சட்டத்தரணியோடு தீர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு இங்கே தனி வாசல் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆவது பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்ய 24ஆவது பிரிவு வழி விடுகிறது. "வசதி இல்லை" என்ற ஒரு வரியோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது என்பதை அதிபருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே இந்த இரண்டு பிரிவுகளோடு குறிப்பிடுங்கள். சாய்தளம் இல்லையா, வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடியுமா என்று குறிப்பாகக் கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் மழுப்ப முடியாததாகிவிடும்.

## அப்படியானால் யாருக்கு எது?

புள்ளிக் கணக்கில் பிழை, பத்திரம் விடுபட்டது: முறையீட்டுச் சபையும் வலயமும் போதும். கூடவே தகவல் விண்ணப்பம்.

அதிபர் வாயால் மறுக்கிறார், காரணம் மாறி மாறி வருகிறது, ஆனால் உறவை முறிக்க விருப்பம் இல்லை: வலயத்துக்குக் கடிதம் போட்டு இரண்டு கிழமை பாருங்கள். மூன்றாவது கிழமைக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு இருக்க வேண்டும். வலயம் நல்ல பதில் சொல்லிக்கொண்டிருந்தாலும் போடுங்கள். இடம் கிடைத்தால் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றுவிடலாம்; கழிந்த மாதத்தைத் திரும்பப் பெற முடியாது.

இயலாமையைக் காட்டி மறுப்பு: 28ஆம் இலக்கச் சட்டத்தை மேற்கோள் காட்டும் கடிதம், பிறகு திருகோணமலை மேல் நீதிமன்றம். உறுப்புரை 12ஐயும் பயன்படுத்த நினைத்தால் ஆணைக்குழு முறைப்பாட்டை ஒரு மாதத்துக்குள் போட்டு அந்த வழியையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

மதம், இனம், சாதி, மொழி காரணமாக வெளிப்படையான மறுப்பு, அதுவும் தேசிய பாடசாலையில்: இங்கே நான் சுற்றி வளைக்க மாட்டேன். முதல் கிழமையிலேயே சட்டத்தரணியைப் பாருங்கள். 12(2) நேரடியாக மீறப்படும்போது அதைக் கேட்கும் இடம் உயர் நீதிமன்றம்தான்.

சேர்த்த பிறகு பிள்ளையைப் பழிவாங்குகிறார்கள், வகுப்பில் அவமானப்படுத்துகிறார்கள் என்றால் அது தனி முறைப்பாடு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் 24 மணி நேரமும் எடுக்கப்படும். இந்தப் பயத்தால் பலர் முறையிடாமலே இருந்துவிடுகிறார்கள். பயம் நியாயமானது. ஆனாலும் எழுத்தில் ஒரு முறைப்பாடு ஏற்கெனவே இருக்கும் பிள்ளையை விடவும், யாருக்கும் தெரியாமல் தனியாக நிற்கும் பிள்ளையைத் துன்புறுத்துவது எளிது.

கடைசியாக, ஒரு பிள்ளைக்கு அல்லாமல் ஊருக்கே உள்ள பிரச்சினை: கிராமப் பாடசாலையில் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஆசிரியர் இல்லை, தமிழ் மொழிமூல வகுப்பு நடக்கவில்லை. இங்கே தனிப் பெற்றோரின் முறையீடு கரைந்துபோகும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் சேர்ந்து முதலில் தகவல் விண்ணப்பம் போடுங்கள். வலயத்தில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கை எவ்வளவு, பாடவாரியாக எந்தப் பாடசாலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நகரப் பாடசாலைக்கும் உங்கள் பாடசாலைக்கும் உள்ள இடைவெளி அலுவலகத்தின் சொந்த எண்களிலேயே வந்து நிற்கும். நடந்துகொண்டே இருக்கும் மீறல் என்பதால் ஒரு மாதக் கெடு இங்கே சற்று வேறு விதமாகப் பார்க்கப்படலாம். ஆனாலும் ஒரு மறுப்புக் கடிதம் கையில் வந்தால் அந்தத் திகதியில் இருந்து எண்ணத் தொடங்குங்கள்.

மனு என்று வரும்போது யார் கையெழுத்திடுவது என்பதையும் யோசிக்க வேண்டும். சாதாரணதரம் எழுதப்போகும் பிள்ளையின் தகப்பன்தான் கூட்டத்தில் முன்னால் நிற்பார், அவருக்குத்தான் கோபம் அதிகம். அவர் இருக்கட்டும். ஆனால் அவருடைய பிள்ளை பாடசாலையை விட்டுப் போன பிறகு "இனி இவருக்கு நிவாரணம் தேவையில்லையே" என்ற வாதம் வரும். தரம் 6 பிள்ளை ஒன்றின் பெற்றோரையும் மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.